வீட்டுக் கடன் தீரும்வரை எதில் கணக்கு வைப்பது? நோட்டு, காலண்டர், எக்செல், செயலி: ஓர் ஒப்பீடு

கிரகப்பிரவேசத்துக்கு வந்தவர்கள் விடைபெற்றுப் போன பிறகு, கடன் வாங்கி வீடு கட்டியவர் மனத்தில் ஏறக்குறைய ஒரே நேரத்தில் இரண்டு தீர்மானங்கள் எழுகின்றன. செலவைக் குறைத்துக் கடனைச் சீக்கிரம் அடைத்துவிட வேண்டும் என்பது ஒன்று. இருபது ஆண்டு தவணை கட்டி முடிக்கும்வரை உடம்பு ஒத்துழைக்க வேண்டுமே என்ற கவலையில் பிறக்கும், உடல்நலத்தைப் பேண வேண்டும் என்பது மற்றொன்று. இரண்டுக்கும் நாள்தோறும் கணக்கு வைக்க வேண்டும் என்று முடிவான பிறகு, அதை எதில் வைப்பது என்ற இடத்தில்தான் பலருடைய முயற்சி நின்றுபோகிறது. கோடு போட்ட நோட்டு, சமையலறைச் சுவரில் தொங்கும் மாதக் காலண்டர், கணினியில் எக்செல் தாள், கைப்பேசிச் செயலி ஆகிய நான்கையும் கடந்த சில ஆண்டுகளில் எங்கள் வீட்டில் மாற்றி மாற்றிப் பயன்படுத்திப் பார்த்திருக்கிறோம். நாள் கணக்கே வைக்காமல் பொறுப்பை வங்கியிடம் ஒப்படைத்துவிடும் ஐந்தாவது வழி ஒன்றும் இருக்கிறது. இந்த ஐந்தையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம்.

அதற்கு முன்னால் கடனின் கணக்கைச் சற்று நிதானமாகப் படித்துவிட வேண்டும். எந்தக் கருவி பொருந்தும் என்பதை அந்தக் கணக்கின் குணமே பெரும்பாலும் தீர்மானித்துவிடுகிறது. 30 லட்சம் ரூபாய், 8.5 சதவீத வட்டி, 20 ஆண்டுகள் என்று வைத்துக்கொண்டால் மாதத் தவணை ஏறத்தாழ 26,035 ரூபாய் வரும். முதல் தவணையில் 21,250 ரூபாய் வட்டிக்கே போய்விட, அசலில் கழிவது 4,785 ரூபாய் மட்டுமே. முதல் ஆண்டு முழுவதும் 3,12,000 ரூபாய்க்கு மேல் கட்டிய பிறகும் அசல் ஏறத்தாழ 59,700 ரூபாய்தான் குறைந்திருக்கும். அசலில் பாதி தீர்வது 166ஆவது தவணையில், அதாவது பதினான்காம் ஆண்டு முடியும் தறுவாயில். இதே கடனுக்கு மாதந்தோறும் 2,000 ரூபாய் கூடுதலாகக் கட்டிவந்தால் 240 தவணைகள் 201 ஆகக் குறைகின்றன. கட்டும் மொத்தத் தொகையில் ஏறத்தாழ 6 லட்சம் ரூபாய் மிச்சமாகிறது. அந்த 2,000 ரூபாயை நாள்களுக்குப் பிரித்தால் 67 ரூபாய்கூட வராது.

கூடுதல் பணத்தை எப்போது கட்டுகிறோம் என்பதும் முக்கியம். முதல் மாதத்தில் கூடுதலாகக் கட்டும் 1,000 ரூபாய், வட்டி விகிதம் மாறாதிருந்தால், கடனின் கடைசிக் கட்டத்தில் ஏறத்தாழ 5,440 ரூபாய்த் தவணையைத் தேவையற்றதாக்கிவிடுகிறது. அதே 1,000 ரூபாயைப் பத்து ஆண்டுகள் கழித்துக் கட்டினால் கழிவது 2,330 ரூபாய்தான். இருபது ஆண்டுகளுக்குப் பிந்தைய ரூபாய்க்கு இன்றைய ரூபாயின் மதிப்பு இராது என்பது உண்மையே. இருந்தாலும் முதல் ஐந்து ஆண்டுகளின் சிக்கனத்துக்குத் தனி வலிமை உண்டு என்பது இதனால் விளங்கும். சங்கடம் என்னவென்றால், பத்திரச் செலவும் மர வேலையும் கையிருப்பைத் துடைத்துவிட்டுப் போயிருக்கும் அதே ஆண்டுகளில்தான், பல் வைத்தியம் முதல் இரத்தப் பரிசோதனை வரை உடம்புக்கான செலவுகளைத் தள்ளிப்போடும் ஆசையும் மிகுதியாக எழுகிறது. சிக்கனத்தையும் உடல்நலத்தையும் வேறு வேறு இடங்களில் எழுதினால் இந்த மோதல் கண்ணில் படாது. ஆகவே இரண்டும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும் என்பதை முதல் அளவுகோலாகக் கொள்கிறேன்.

இரண்டாவது அளவுகோல் வேகம் பற்றியது. நாம் குறித்துவைக்க விரும்பும் விவரங்கள் எல்லாம் ஒரே வேகத்தில் மாறுவதில்லை. நடந்தோமா, வீட்டுச் சாப்பாடு எடுத்துப்போனோமா, மாத்திரை போட்டோமா என்பவை அன்றாடக் கேள்விகள். எடையை வாரத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும். தினமும் பார்ப்பவர் உடம்பில் ஏறி இறங்கும் நீரைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். நிலுவை அசல் மாதத்துக்கு ஒருமுறை மாறுகிறது. தமிழ்நாட்டில் வீட்டு மின் கட்டணம் இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை வருகிறது. மூன்று மாதச் சர்க்கரை அளவு என்று நாம் சொல்லும் எச்பிஏ1சி, பெயருக்கேற்ப முந்தைய இரண்டு மூன்று மாதங்களின் சராசரியைச் சொல்வது. அன்றாடக் குறிப்புக்கு ஏற்ற கருவி மாதக் கணக்குக்குப் பொருந்தாமல் போவதும், மாதக் கணக்குக்கு ஏற்றது அன்றாடம் திறக்கப்படாமல் கிடப்பதும் இதனால்தான்.

இந்த இரண்டு அளவுகோல்களோடு ஐந்தாவது வழியை முதலில் எடுத்துக்கொள்கிறேன்; பணத்தைப் பொறுத்தவரை மற்ற நான்கையும் அது தோற்கடித்துவிடுகிறது. சம்பளம் வந்த மறுநாளே 2,000 ரூபாய் கடன் கணக்குக்குத் தானாகச் சென்று சேருமாறு வங்கியில் நிலையான உத்தரவு கொடுத்துவிட்டால், மீதமிருக்கும் பணத்துக்குள் குடும்பம் தன்னை ஒடுக்கிக்கொள்கிறது. மாதம் முழுவதும் கணக்கு எழுதி, கடைசியில் மிஞ்சுவதைக் கட்டலாம் என்றிருப்பவருக்குப் பெரும்பாலும் எதுவும் மிஞ்சுவதில்லை. மாறும் வட்டியில் தனிநபர்கள் வாங்கிய வீட்டுக் கடனை முன்கூட்டிக் கட்டினால் வங்கிகள் அபராதம் வசூலிக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012இலேயே உத்தரவிட்டுவிட்டது. கவனிக்க வேண்டியவை இரண்டு. பகுதித் தொகைக்குக் குறைந்தபட்ச வரம்பு வைத்திருக்கும் நிறுவனங்களில் மாதாமாதம் சிறு தொகையைக் கட்ட முடியாமல் போகலாம். அப்படியானால் அதை ஒரு தொடர் வைப்புக் கணக்கில் சேர்த்து ஆண்டுக்கு ஒருமுறை கட்ட வேண்டியிருக்கும். கட்டும்போது தவணைத் தொகையைக் குறைக்க வேண்டுமா, கால அளவைக் குறைக்க வேண்டுமா என்பதைச் சொல்லிவிட வேண்டும். கடனைச் சீக்கிரம் முடிப்பதே நோக்கமென்றால் கால அளவைக் குறைக்கச் சொல்வதுதான் சரி. சில வங்கிகளில் மிகைப்பற்று (ஓவர்டிராஃப்ட்) வகை வீட்டுக் கடன் உண்டு. அதில் போட்டுவைக்கும் உபரிப் பணத்துக்கு அன்றிலிருந்தே வட்டி குறைகிறது, அவசரத்துக்கு எடுத்துக்கொள்ளவும் முடிகிறது. வட்டி விகிதம் சற்றுக் கூடுதலாக இருக்கும் என்பதால், கணிசமான உபரி வைத்திருப்பவருக்கே அது இலாபம்.

இந்த வழியின் குறை இரண்டாம் அல்லது மூன்றாம் மாதத்தில் தெரியவரும். கணக்கில் பணம் தீர்ந்ததும் கடன் அட்டை கைக்கு வந்துவிட்டால், 8.5 சதவீதக் கடனை அடைப்பதற்காக அதைப்போலப் பல மடங்கு வட்டியுள்ள கடனை வாங்கியவர் ஆகிறோம். ஆகவே நான்கைந்து மாதச் செலவுக்கான தொகை தனியாகச் சேரும்வரை இந்த உத்தரவைக் கொடுக்காமலிருப்பதே நல்லது. ஆனால் நான் முதன்மையாகச் சொல்ல விரும்புவது வேறு. சேமிப்பதை மாதத்தின் முதல் நாளில் வங்கியிடம் ஒப்படைத்துவிடலாம். அரை மணி நேரம் நடக்கும் வேலையை யாரிடமும் ஒப்படைக்க முடியாது. எனவே நாள்தோறும் நாம் செலவிடத் தயாராக இருக்கும் இரண்டு நிமிட எழுத்து வேலையில் பெரும்பங்கு உடம்புக்கு உரியது. பணத்தின் பங்கு, உடம்போடு கை கோத்திருக்கும் ஓரிரு செலவுகளோடு நின்றுவிடலாம். ஒவ்வொரு ரூபாயையும் நாள்தோறும் எழுதுவதைச் சிக்கனத்தின் இலக்கணமாகக் கருதும் பழக்கம் நம்மிடம் உண்டு. கடனுக்கான தொகை முன்கூட்டியே போய்விட்ட வீட்டில் அந்த உழைப்புக்கு அவ்வளவு பலன் இல்லை என்பது என் அனுபவம்.

இனி செயலிகள். கைப்பேசி எப்போதும் கையில் இருக்கிறது, நடை எண்ணிக்கை தானாகப் பதிவாகிறது, வங்கியின் குறுஞ்செய்திகளைப் படித்துச் செலவுகளை வகைபிரித்துக் காட்டுகிறது. இவ்வளவு வசதி வேறு எந்தக் கருவியிலும் இல்லை. ஆயினும் அது காட்டும் படம் முழுமையானது அன்று. தெருமுனைக் கடையில் யூபிஐ வழியாக 140 ரூபாய் கொடுத்தால் பதிவில் கடைக்காரரின் சொந்தப் பெயர்தான் விழுகிறது. வாங்கியது கீரையா, குளிர்பானமா என்று செயலிக்குத் தெரியாது. ரொக்கமாகக் கொடுத்தது அதன் கணக்கிலேயே வராது. உணவுக் கணக்கும் இப்படித்தான். ஓர் இட்லிக்கு இத்தனை கலோரி என்று அது சொல்லும் எண், எந்த வீட்டு இட்லித் தட்டை அளந்து எடுத்தது என்று கேட்டால் பதில் இல்லை. நடைக் கணக்கிலும் ஒரு பாரபட்சம் ஒளிந்திருக்கிறது. கைப்பேசியைச் சமையல் மேடையில் வைத்துவிட்டு, மாடிக்கும் கீழுக்குமாகத் துணி காயப்போட்டு, வீடு முழுதும் பெருக்கித் துடைக்கும் பெண்ணின் உழைப்பு அதில் பூஜ்யம்; பைக்குள் கைப்பேசியோடு அலுவலக வராந்தாவில் உலாவும் கணவரின் கணக்கில் அடிகள் ஏறிக்கொண்டே இருக்கும். எங்கள் வீட்டில் இதை வைத்து ஒரு மாதம் விவாதம் நடந்தது. வென்றவர் யார் என்று சொல்லத் தேவையில்லை.

பெரும்பாலான செயலிகள் வைக்கும் பத்தாயிரம் அடி என்ற இலக்கின் பிறப்பும் சுவையானது. 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த நடைமானி ஒன்றுக்குப் 'பத்தாயிரம் அடி அளவி' என்னும் பொருளில் வைத்த பெயரிலிருந்து பரவிய எண் அது. ஆராய்ச்சி செய்து கண்டறிந்த வரம்பாக அது தொடங்கவில்லை. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குப் பரிந்துரைப்பது வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடலுழைப்பு. அரை மணி நேர விறுவிறுப்பான நடை வாரத்தில் ஐந்து நாள் என்றால் அந்த அளவு நிறைவேறிவிடும். அடிகளை எண்ண வேண்டிய தேவையே எழாது.

செயலிகளிடம் எனக்குள்ள பெரிய மனக்குறை தொடர்நாள் கணக்கு பற்றியது. நாற்பது நாள் விடாமல் நடந்தவர் காய்ச்சலில் ஒரு நாள் படுத்துவிட்டால் திரையில் மறுபடி பூஜ்யம் தோன்றுகிறது. பலர் அன்றோடு விட்டுவிடுகிறார்கள். பழக்கம் உருவாவது பற்றி இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் நடந்து 2009இல் வெளிவந்த ஆய்வு, ஒரு செயல் தன்னிச்சையான பழக்கமாக ஆவதற்குச் சராசரியாக 66 நாள்கள் ஆயின என்றும், ஆளுக்கும் செயலுக்கும் ஏற்ப அது 18 முதல் 254 நாள்கள்வரை வேறுபட்டது என்றும் கண்டது. இடையில் ஒரு நாள் தவறுவது பழக்கம் உருவாவதைக் குறிப்பிடும்படி பாதிக்கவில்லை என்பதும் அதே ஆய்வின் முடிவு. தவறிய ஒரு நாளைப் பூஜ்யமாக்கிக் காட்டும் கருவி, இந்த உண்மைக்கு நேர் எதிரான பாடத்தைச் சொல்லிக்கொடுக்கிறது. இலவசச் செலவுக் கணக்குச் செயலிகள் சில, நம் குறுஞ்செய்திகளைப் படித்து வருமானத்தை அறிந்துகொண்டு, மாதக் கடைசியில் தனிநபர் கடன் வேண்டுமா என்று கேட்பதையும் சேர்த்துப் பார்த்தால், கடனை அடைக்க விரும்புகிறவருக்கு அவை சிறந்த தோழர்கள் என்று சொல்வதற்கில்லை.

எக்செல் தாளின் இடம் தெளிவானது. அதை நாள்தோறும் திறப்பவர்கள் அரிது. இரவு உணவுக்குப் பிறகு மடிக்கணினியைத் திறந்து நடைக் கணக்கு எழுதும் உற்சாகம் எங்களுக்குப் பதினொரு நாள் நீடித்தது. ஆனால் மாதத்துக்கு ஒருமுறை எழுத வேண்டிய கடன் கணக்கை வேறு எந்தக் கருவியும் இவ்வளவு நேர்மையாகச் சொல்லாது. நிலுவை அசல், நடப்பு வட்டி விகிதம், தவணை ஆகிய மூன்றையும் போட்டால் இன்னும் எத்தனை தவணைகள் மீதி என்று கணக்கிடும் சூத்திரம் அதிலேயே இருக்கிறது. இந்த எண்ணை மாதந்தோறும் பார்ப்பது ஏன் அவசியம் என்பதை அண்மைக்கால வரலாறு காட்டுகிறது. ரிசர்வ் வங்கி 2022 மே மாதத்துக்கும் 2023 பிப்ரவரிக்கும் இடையில் வங்கிகளுக்குத் தான் கொடுக்கும் குறுகிய காலக் கடனுக்கான வட்டியாகிய ரெப்போ விகிதத்தை 4 சதவீதத்திலிருந்து 6.5 சதவீதமாக உயர்த்தியது. 30 லட்சம் ரூபாயை 7 சதவீத வட்டியில் 20 ஆண்டுகளுக்கு வாங்கியவரின் தவணை 23,259 ரூபாய். நிலுவை 29 லட்சமாக இருக்கும்போது அந்த உயர்வு முழுவதும் அவருடைய கடன்மேல் விழுந்து வட்டி 9.5 சதவீதமானால், ஒரு மாத வட்டி மட்டுமே 22,958 ரூபாய். தவணையை மாற்றாமல் விட்டால் அசலில் கழிவது மாதம் சுமார் 300 ரூபாய். அந்நாள்களில் பலருக்குத் தவணை உயராமல் கால அளவு மட்டும் சத்தமில்லாமல் நீண்டுபோனது. பணி ஓய்வுக்குப் பிறகும் தவணை தொடரும் என்பதைச் சிலர் ஆண்டறிக்கை பார்த்தே அறிந்தார்கள். வட்டி மாறும்போது தவணையை உயர்த்துவதா, காலத்தை நீட்டுவதா என்று தேர்ந்தெடுக்கும் வாய்ப்பைக் கடன் வாங்கியவருக்குத் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்டில் அறிவுறுத்தியது. வாய்ப்பைப் பயன்படுத்த, மீதித் தவணைகளின் எண்ணிக்கை நமக்கே தெரிந்திருக்க வேண்டும். மாதம் ஒருமுறை, பத்து நிமிடம், ஒரே ஒரு வரி. எக்செலிடம் இதற்கு மேல் எதுவும் கேட்காமலிருப்பதே அதை நீண்ட நாள் வைத்திருக்கும் வழி.

நோட்டைப் பற்றி எழுதும்போது கொஞ்சம் பாசம் கலந்துவிடுகிறது. மளிகைக் கடைப் பற்று நோட்டும் அப்பா எழுதிய வரவு செலவு நோட்டும் பார்த்து வளர்ந்த தலைமுறைக்குக் கணக்கு என்றாலே நினைவுக்கு வருவது அதுதான். கையால் எழுதும்போது செலவு ஒருமுறை உறுத்துகிறது. 'ஆட்டோ 120' என்று எழுதும் பேனா, நடந்தே போயிருக்கலாமே என்றும் கேட்கிறது. உணவைக் குறித்துவைப்பதன் பயனுக்குச் சான்றும் உண்டு. அமெரிக்காவில் ஏறத்தாழ 1,700 பேரிடம் நடத்தி 2008இல் வெளியிட்ட எடைக்குறைப்பு ஆய்வில், நாள்தோறும் உணவுக் குறிப்பு எழுதியவர்கள் எழுதாதவர்களைப்போல இருமடங்கு எடை குறைந்தார்கள். ஆனாலும் நோட்டில் இரண்டு இடர்ப்பாடுகள் உண்டு. கூட்டல் போட ஆள் வேண்டும். மாதக் கடைசியில் அந்த ஆள் கிடைப்பதில்லை. மேலும் நோட்டு மூடியிருக்கும் பொருள். ஒருவர் எழுதி மேசை இழுப்பறையில் வைத்துவிட்டால் வீட்டின் மற்றவர்களுக்கு அதில் பங்கில்லாமல் போகிறது. சிக்கனம் என்பது கணக்கு எழுதுபவர் மற்றவர்களுக்குச் செய்யும் தணிக்கை என்ற நிலைக்கு வந்துவிடுகிறது. கணவனும் மனைவியும் சேர்ந்து அடைக்கும் கடனுக்கு இது நல்ல ஏற்பாடு அன்று.

ஆகவே மாதக் காலண்டருக்கு வருகிறேன். பால் பாக்கெட் எத்தனை, சிலிண்டர் மாற்றிய தேதி எது, வீட்டு வேலைக்கு வருபவர் வராத நாள் எது என்பதையெல்லாம் நம் வீடுகள் நெடுங்காலமாகக் குறித்துவந்த இடம் அதுதான். திறக்க வேண்டியதில்லை, மின்னேற்ற வேண்டியதில்லை, எல்லோர் கண்ணிலும் படுகிறது. கட்டம் சிறியது என்பதைக் குறையாகச் சொல்வார்கள். அதுவே அதன் பெரிய குணம் என்று நான் கருதுகிறேன், ஏனெனில் நான்கு குறிகளுக்கு மேல் அதில் இடமில்லை. எங்கள் வீட்டில் அரை மணி நடைக்கு ஒரு வட்டம், வீட்டிலிருந்து மதிய உணவு எடுத்துச் சென்றதற்கு ஒரு கோடு, வெளியில் தின்பண்டமோ வீட்டுக்கு வரவழைத்த சாப்பாடோ என்றால் ஒரு பெருக்கல் குறி, இரத்த அழுத்த மாத்திரைக்கு ஒரு புள்ளி. கணவருக்கு நீலம், எனக்குச் சிவப்பு. ஒரு வாரத்துக்குரிய ஏழு கட்டங்களில் ஐந்து வட்டம் இருந்தால் அந்த வாரம் தேறிவிட்டது. விட்டுப்போன நாள் வெறும் வெற்றுக் கட்டமாக இருக்கிறது. அதற்கு முந்தைய வட்டங்களை யாரும் அழித்துவிடுவதில்லை. இந்த நான்கில் மூன்று குறிகள் உடம்பையும் பணத்தையும் ஒருசேரத் தொடுகின்றன என்பதைக் கவனிக்கலாம். காய்கறிக் கடைக்கு நடந்து போனால் பெட்ரோலும் மிச்சம். மதிய உணவுப் பாத்திரம் எண்ணெயையும் பணத்தையும் ஒருங்கே குறைக்கிறது.

காலண்டரில் அவ்வப்போது குறித்துவைக்கத் தகுந்த இன்னும் இரண்டு விவரங்கள் உண்டு. ஒன்று, உப்புப் பாக்கெட்டைப் பிரித்த தேதி. ஆளொன்றுக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாக உப்பு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. அப்படிப் பார்த்தால் நான்கு பேர் உள்ள வீட்டில் ஒரு கிலோ பாக்கெட் குறைந்தது 50 நாள் வர வேண்டும். எங்களுக்கு முதல்முறை அது 33 நாளில் தீர்ந்தது. அதில் அப்பளமும் ஊறுகாயும் கடைப் பலகாரமும் சேரவில்லை. எந்தச் செயலியும் சொல்லாத இந்தச் செய்தியை ஒரு பென்சில் குறி சொல்லிவிட்டது. எண்ணெய்ப் பாக்கெட்டுக்கும் இதே முறை பொருந்தும். மற்றொன்று, மின் அளவி எண். இரண்டு மாதக் கணக்கில் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டினால், அதற்குக் கீழுள்ள யூனிட்டுகளில் ஒரு பகுதிக்கும் கூடுதல் விகிதம் விழுகிறது. கணக்கெடுத்து ஒரு மாதம் ஆனதும் அளவியைப் பார்த்துக் கட்டத்தில் எழுதிவைத்தால், ஏப்ரல், மே மாதங்களில் ஏசியை எவ்வளவு நேரம் ஓட்டலாம் என்பதை மீதி மாதத்துக்கு முடிவுசெய்ய முடிகிறது.

சிக்கனமும் உடல்நலமும் ஒன்றோடொன்று மோதும் இடத்தில் எந்தக் கருவி எச்சரிக்கிறது என்பதே எனக்குக் கடைசிச் சோதனை. கடன் கட்டும் வீடுகளில் மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் போடுவது நான் அறிந்த வழக்கம். அதைச் செய்பவர் சொல்லிக்கொள்வதும் இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவின் துணையோடு நடந்து 2023இல் வெளியான நாடளாவிய ஆய்வு, இந்தியாவில் நீரிழிவு உள்ளவர்கள் ஏறத்தாழ 10.1 கோடி பேர் என்று மதிப்பிட்டது. வீட்டுக் கடன் வாங்கும் வயதும் இந்நோய் தலைகாட்டும் வயதும் பெரும்பாலும் ஒன்றே. மாத்திரையை விட்டுவிட்டு மிச்சப்படுத்தும் பணம் பிற்பாடு சிறுநீரகத்துக்கோ இருதயத்துக்கோ கட்டணமாகத் திரும்பி வந்தால், அந்த ஒரு தொகை பல ஆண்டு முன்கூட்டிக் கட்டியதையெல்லாம் விழுங்கிவிடும். செலவைக் குறைக்க வேறு வழிகள் உண்டு. மத்திய அரசின் மக்கள் மருந்தகங்களிலும், 2025 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் தொடங்கிய முதல்வர் மருந்தகங்களிலும் அதே மூலப்பெயர் (ஜெனரிக்) மருந்துகள் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. மருத்துவரிடம் மூலப்பெயரில் எழுதித் தரக் கேட்டால் போதும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் உரிய மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார்கள். ஊரில் இருக்கும் பெற்றோருக்கு இதைச் சொல்லிவைக்கலாம். எக்செல் தாளில் மருந்துச் செலவு பாதியாகக் குறைந்தால் அது நல்ல மாதமாகவே தெரியும். காலண்டரில் ஒன்றுவிட்டு ஒன்றாகப் புள்ளிகள் இல்லாமற்போனால் அடுப்படியில் நிற்கும் யார் கண்ணிலும் அது பட்டுவிடும்.

எனவே எங்கள் தேர்வு மூன்றடுக்காக அமைந்தது: கூடுதல் தவணைக்கு வங்கியின் நிலையான உத்தரவு, அன்றாடத்துக்குக் காலண்டர், மாதத்தின் முதல் ஞாயிறன்று எக்செலில் ஒரு வரி. செயலிகளில் நடைமானியை மட்டும் வைத்திருக்கிறோம், அதுவும் அடிகளுக்காக அல்லாமல் நேரத்துக்காக. எல்லா வீட்டுக்கும் இது பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். வாடகை வண்டி ஓட்டுபவர், சிறு கடை நடத்துபவர் போன்று நாளுக்கு நாள் வருமானம் மாறுகிறவர்களுக்கு நிலையான உத்தரவு ஆபத்தானது. கணக்கில் பணமில்லாமல் உத்தரவு திரும்பினால் அபராதமும் விழக்கூடும். அவர்களுக்கு வரவையும் செலவையும் தினமும் எழுதும் நோட்டுதான் முதற்கருவி. நல்ல வருமானம் வந்த வாரத்தில் கூடுதல் தொகையைக் கையோடு கட்டிவிடலாம். இன்சுலின் போடுபவருக்குக் காலண்டர் கட்டம் போதாது. வேளையும் அளவும் சர்க்கரை எண்ணும் எழுத இடமுள்ள தனி நோட்டோ, குளுக்கோமீட்டரோடு இணையும் செயலியோ அவருக்கு வேண்டும், மருத்துவரிடம் காட்டவும் அதுவே உதவும். பணி மாற்றத்தால் தம்பதியர் வேறு வேறு ஊர்களில் இருந்தால் சுவர்க் காலண்டருக்குப் பொருளில்லை. இருவரும் திறக்கக்கூடிய இணையத் தாளில் நான்கு நெடுவரிசைகள் போதும்.

டிசம்பர் கடைசியில் பழைய காலண்டரைக் கழற்றும்போது, பன்னிரண்டாம் தாளின் பின்புறத்தில் நிலுவை அசல், மீதித் தவணை, இருவரின் எடை, எச்பிஏ1சி ஆகியவற்றை எழுதிப் புதிய காலண்டரின் ஆணியிலேயே அதற்குப் பின்னால் மாட்டிவிடுகிறோம். இப்போது அந்த ஆணியில் மூன்று தாள்கள் தொங்குகின்றன. மூன்றாவதில் மீதித் தவணை முந்தைய ஆண்டைவிடப் பத்தொன்பது குறைவு. எடை, என் பக்கத்தில், ஒரு கிலோ கூடுதல்.